கொழுத்த வால்

பூச்சிகள் சாகவில்லை. திலகவதிக்கு முதலில் உறுத்தியது அதுதான். போன வாரம் புருஷன் சுதாகர் கண்ணாடித் தொட்டிக்குள் தட்டிவிட்ட சுவர்க்கோழிகள் அத்தனையும் மணலில் தாவிக்கொண்டும் கிறீச்சிட்டுக்கொண்டும் உயிரோடு திரிந்தன. அவற்றைத் தின்ன வேண்டிய பல்லியோ, கவிழ்த்துவைத்த கொட்டாங்குச்சியின் வாசலில் தலையை நீட்டிப் படுத்திருந்தது. ஒரு பூச்சி அதன் முதுகின்மேல் ஏறி இறங்கிப் போயிற்று. பல்லி அசையவில்லை. எதையும் தின்னாத அதன் வால் மட்டும் தடித்திருந்தது.

அவள் கேட்டது நாய்க்குட்டி. சுரங்கத்தில் சுதாகருக்கு ஷிப்ட் வேலை. இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் அவன் மதியம் கிளம்பினால் குவார்ட்டர்ஸில் அவளும் சுவர்களும்தான். "பேச்சுத் துணைக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கியாங்க" என்று அவள் கெஞ்சிக் கேட்டதற்கு, சென்னைக்குப் போய் அவன் வாங்கிவந்தது ஆப்பிரிக்கப் பல்லி.

"நாயி எல்லார் வூட்லயும் இருக்கு. கடைக்காரன் ஆமை காமிச்சான், பச்சை ஓணான் காமிச்சான். இது மட்டும் மூலையில உக்காந்துகினு என்னையே பாத்துச்சு. இந்த பிளாக்ல எவன் வெச்சிருக்கான் சொல்லு?" என்றான் சுதாகர். தின்றதை வாலில் சேமித்துவைக்குமாம். மாதக்கணக்கில் பட்டினி கிடக்குமாம். பெண்டாட்டியைப் பற்றி இவ்வளவு பெருமையாக அவன் யாரிடமும் பேசி அவள் கேட்டதில்லை.

அன்றைக்கே சண்டை மூண்டது. "எனக்குத் துணைக்குக் கேட்டா, உனக்குப் பவுசுக்கு வாங்கியாந்தியா?" என்று ஆரம்பித்தவள், கம்மாபுரத்தில் அவள் அப்பா சுரங்கத்துக்குக் கொடுத்த நிலம்வரைக்கும் பேச்சை இழுத்தாள். அந்த நிலத்துக்குப் பதிலாக வந்த வேலை அது. மகன் இல்லாத வீட்டில் மருமகனுக்குப் போனது. "எங்கப்பன் நெலம்டா உன் பர்மனென்ட்டு!" சுதாகர் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சாம்பார் வழிந்த சுவருக்குக் கீழேதான் தொட்டி இருந்தது. பல்லி கொட்டாங்குச்சியை விட்டு வெளியே வந்து, கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

மறுநாள் வால் அவள் சுண்டுவிரல் பருமன். அடுத்த சண்டைக்குப் பிறகு கட்டைவிரல் பருமன். சண்டை இல்லாத நாட்களில் அது இளைத்தது. முதலில் அவள் நம்பவில்லை. பிறகு நம்பாமல் இருக்க முடியவில்லை.

ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகல். சுதாகர் வேலைக்குப் போயிருந்தான். ஈரக்காற்றில் பழுப்பு நிலக்கரியின் புகைந்த நாற்றம் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே புகுந்து, துவைத்துக் கொடியில் போட்ட துணிகளில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் சுரங்கத்திலிருந்து நிலக்கரி சுமக்கும் பெல்ட் ஓடும் இரைச்சல், காதுக்குள்ளேயே யாரோ மாவரைப்பதுபோல் ஓயாமல் கேட்டது. திலகவதி தொட்டிக்கு முன்னால் குந்தினாள்.

"ஏன் வந்த நீ?" என்றாள். "எவ வூட்டுக் குடிய கெடுக்க வந்த?"

பல்லி இமையை மெல்ல மூடித் திறந்தது.

அவளுக்குள் ஏதோ அறுந்தது. அந்தப் பல்லியைத் திட்டினாள். சுதாகரைத் திட்டினாள். நிலத்தைக் கொடுத்துவிட்டு, இருந்த மீதி நாளெல்லாம் திண்டாடிச் செத்த அப்பாவைத் திட்டினாள். கட்டிவைத்த அம்மாவை, பிள்ளை இல்லையா என்று கேட்கும் பக்கத்துவீட்டுக்காரிகளை, தனியாகக் கழிந்த ஒவ்வொரு சாயங்காலத்தையும் திட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவள் கத்தக் கத்த, கண்ணெதிரே, வால் உப்பியது. தோலின் பட்டைகள் விரிந்து, நடுவில் வெளுத்து, உள்ளே ஏதோ புரண்டது.

அவள் நிறுத்தினாள்.

உடம்பு லேசாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த குடம்போல் இருந்தது. யார்மேல் அவ்வளவு கோபம் என்று யோசித்தாள். முகங்கள் வந்தன. கோபம் வரவில்லை.

அப்போதுதான் பயந்தாள்.

சுதாகர் வந்ததும் சொல்ல வேண்டும், இதை இன்றைக்கே ஒழித்துக்கட்டு என்று கத்த வேண்டும் என்று காத்திருந்தாள். அவன் வந்தான். செருப்போடு உள்ளே நடந்து தொட்டியைப் பார்த்து, "அடேயப்பா! என்னா ஜோரா ஆயிட்டான்!" என்றான். "நீ எதுக்கு லாயக்கு? இதப் பாரு, ஒரு மாசம் தின்னாட்டியும் எப்படி இருக்கான்."

சுரீரென்று வர வேண்டியது வரவில்லை. "ஆமாங்க" என்றாள் திலகவதி. அவள் வாய்தான் சொன்னது.

மறுநாள் காலையில் அவனை உசுப்ப வேண்டுமென்றே சோற்றைத் தீயவிட்டாள். அவன் கத்த ஆரம்பித்தான். பாதியில் பார்வை தொட்டிப் பக்கம் போயிற்று. குரல் இறங்கியது. முகத்தில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கரிந்த சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் இல்லை.

தூக்கி எறிந்துவிடலாம். பின்னால் தைலமரத் தோப்பு. தொட்டியோடு கொண்டுபோய் உடைத்துவிடலாம். திலகவதி மூடியின்மேல் கையை வைத்தாள். கை நின்றது. எறிவதற்கு வெறுப்பு வேண்டும். அவளிடம் துளி இல்லை. துழாவிப் பார்த்தாள். பயம் மட்டும் இருந்தது. அந்த விரல்களை மடக்கப் பயம் மட்டும் போதவில்லை.

சுதாகர் வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தே இருந்தார்கள். வெயில் ஜன்னலில் ஏறி, இறங்கி, மஞ்சளாகி, சுவரை விட்டுப் போனது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சத்தம் தொடங்கியது.

"கொன்னுடுவேன்டா உன்னை!"

அவளுடைய குரல். திலகவதி தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தன.

"செருப்பால அடிப்பேன்டி!"

சுதாகரின் குரல். பக்கத்தில் அவன் வாய் மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணோரம் நீர் வழிந்தது.

தொட்டிக்குள் பல்லியின் வாய் திறந்திருந்தது. அகலமாக. உள்ளே ரோஜா நிறம். பூச்சிகள் எல்லாம் எதிர்மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. இரண்டு குரல்களும் மாறி மாறி ஏறின. பாத்திரம் உடைந்தது. எதுவும் உடையவில்லை. ஆனால் சத்தம் கேட்டது.

கதவு இடிபட்டது.

"திலகா! என்னா பொண்ணு இது, எவ்ளோ நேரமா இப்பிடி அடிச்சிக்கிறீங்க?" எதிர்வீட்டுத் தனகோட்டி அக்கா. "கதவத் தொற! நான் வந்து கேக்கறேன் அவன!"

வராதீங்கக்கா. ஓடுங்க.

திலகவதி வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

சத்தம் சட்டென்று அடங்கியது. தொட்டிக்குள் அந்தத் தலை வாசல் பக்கம் திரும்பியது. வால் மெதுவாக, இடமும் வலமும், மணலைக் கூட்டியது. பிறகு அவள் குரலில், அவள் ஒருநாளும் பேசியிராத கனிவோடு, அது பேசியது.

"தாப்பா போடலக்கா. உள்ள வாங்க."

கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.