எமக்கண்ணாடி

கோவை போக்குவரத்து நீதிமன்றத்தில் இப்போது யாரும் சத்தம் போடுவதில்லை. தமயந்தி வழக்கறிஞராகப் பதிவு செய்த காலத்தில் அது சந்தைக்கடை மாதிரி இருக்கும். "ஒத்துக்கிறியா?" "ஒத்துக்கிறேனுங்க." அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே போய் அடுத்த சிக்னலைத் தாண்டுவார்கள். விளைவுநீட்டி வந்த பிறகு எல்லோரும் திரையைப் பார்த்தபடி வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மயிரிழையில் தப்பிய ஒருவர் தப்பாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணித்துப் படமாக ஓட்டும் இயந்திரம் அது. சாலைக் கேமராக்களின் பதிவு, வண்டியின் எடை, தரையின் ஈரம், உறவினர்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள், செய்தி தெரிந்தால் என்ன செய்வார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். ஓட்டியவரும் தப்பியவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். மக்கள் அதற்கு வைத்த பெயர் எமக்கண்ணாடி. நடந்ததைப் பற்றி வாதாடப் படித்த தமயந்தி, சில வருடங்களாக நடக்காததைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைய கட்சிக்காரன் திருமூர்த்தி, பால் வண்டி ஓட்டுகிறவன். சாலையில் இறங்கிய ஒரு பெண்மணி மீது மோதப் பார்த்தான் என்று வழக்கு. லைசென்ஸ் போய்விடும் நிலை.

"சத்தியமாச் சொல்றேனுங்க மேடம். எனக்குப் பச்சை. அந்தம்மா ஓரமா நின்னுட்டுத்தான் இருந்தாங்க. வண்டி கிட்டப் போனதும் எறங்கிட்டாங்க."

எல்லா ஓட்டுநரும் சொல்வதுதான். புதுச் சட்டத்தில் பச்சை விளக்கு ஒரு சாக்கு ஆகாது. ஆனாலும் தமயந்தி பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கோகிலவாணி என்ற அந்தப் பெண்மணி கேமரா எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். பழைய வழக்குகளைத் தேடியபோது அங்கேயும் அவளே இருந்தாள். உக்கடத்தில் ஓர் ஆட்டோ. சிங்காநல்லூரில் ஒரு கார்.

விசாரணைக்கு முன்னால் வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்தாள்.

"அம்மணி, வேணும்னேதான் எறங்குனீங்களா?"

கோகிலவாணி மறுக்கவில்லை. "போன தடவை படத்துல எங்க வீட்டுக்காரரு செருப்புகூடப் போடாம ஓடி வந்தாருங்க. ஆஸ்பத்திரி வாசல்ல தரையில உக்காந்து எம்பேரச் சொல்லிச் சொல்லி அழுதாரு. வீட்டுல அவரு எம்பேரச் சொல்லிக் கூப்புட்டே பல வருசம் ஆச்சுங்க."

"ஒரு நாளைக்கு வண்டி நிக்காமப் போயிருச்சுன்னா?"

"அப்பவும் வருவாருல்லங்க?"

கட்சிக்காரனைக் காப்பாற்ற இந்தப் பேச்சே போதும். ஆனால் இவள் இங்கிருந்து நேராக இன்னொரு சிக்னலுக்குத்தான் போவாள். உள்ளே போனதும் நீதிபதியிடம் எல்லாவற்றையும் சொல்லி, கணவரையும் வரவழைத்துப் படத்தைக் காட்ட வேண்டும் என்று கேட்டாள். நீதிபதி ஒப்புக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் கணவர் சிதம்பரநாதன் வந்தார். பம்புசெட் கம்பெனி மேலாளர். இஸ்திரி குலையாத சட்டை. மனைவியைப் பார்க்காமல், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

திரை ஓடத் தொடங்கியது. பால் வண்டி நிற்கவில்லை. கோகிலவாணி சாலையில் கிடந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரைக்குள் சிதம்பரநாதன் வந்தார், வெறுங்காலோடு. அவள் தலையை மடியில் எடுத்து வைத்து, முகத்தில் ஒட்டியிருந்த முடியை விலக்கிவிட்டார். "வாணி, வாணிக்கண்ணு" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ஊளை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

திருமூர்த்தி முகத்தை மூடிக்கொண்டான். சிதம்பரநாதன் மட்டும் திரையையே உற்றுப் பார்த்தார்.

"அய்யா, இது நானில்லைங்க," என்றார். "நான் இப்படி அழற ஆளே கிடையாது. அவளை நான் அப்படிக் கூப்பிட்டதும் இல்லை."

கணிப்பில் பிழை இருக்கலாமா என்று நீதிபதி இயந்திரத்தைக் கேட்டார். அநேகமாக இல்லை என்றது அது. சட்டப்படி அதன் வாக்கே சாட்சி.

"இவரு சொல்றது நெசந்தானுங்க அய்யா." கோகிலவாணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவரு வேற ஆளு. நான் செத்தாத்தான் அவரு வருவாரு."



வழக்கு தள்ளுபடியானது. கோகிலவாணியை மனநல மருத்துவரிடம் சேர்க்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். ஒரு பெண் காவலர் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். திருமூர்த்தி லைசென்ஸை வாங்கிக்கொண்டான், ஆனால் முகம் தெளியவில்லை. "இனி வண்டியத் தொடமாட்டேனுங்க மேடம். அந்தம்மா செத்தத நான் பாத்துட்டேன்."

சாயங்காலம் தமயந்தி காரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வளைவில் சிதம்பரநாதன் தனியாக நின்றிருந்தார். ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தாள். கார் நெருங்கியதும் அவர் சாலையில் இறங்கினார்.

பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி, அவர் முழங்காலை உரசிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்து ஓடினாள். பானட்டின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றியபடி அவர் நின்றிருந்தார்.

"சார்! அடிபட்டுச்சா?"

"இல்லைங்க மேடம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "கேசு போட்டுருவாங்கல்ல? படத்துல அவ வர்றாளான்னு ஒருக்காப் பாக்கோணும்."