பார்த்தாற்சிணுங்கி

பார்த்தாற்சிணுங்கித் தாள் ஒட்டி நாற்பது நாளாகியும் சுபிக்ஷாவின் குளியலறை ஜன்னல் ஒரு முறைகூட வெளுக்கவில்லை.

தாள் பழுது என்றுதான் முதலில் நினைத்தாள். விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டாள். யுகேஷ் என்ற ஊழியர் இருந்த இடத்திலிருந்தே தாளைச் சோதித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"தாள் நல்லாத்தாங்க மேடம் இருக்கு."

"அப்புறம் ஏன் வெளுக்கவே மாட்டேங்குது?"

"யாரும் பாக்கலீங்க மேடம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

சரவணம்பட்டியில் அது முப்பத்தோராவது மாடி வீடு. குளியலறையில் இடுப்பு உயரத்திலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. கட்டியவருக்கு வெளிச்சத்தின்மேல் அவ்வளவு ஆசை. குளிப்பவரைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. வாடகை ஒப்பந்தத்தில் ஆணி அடிக்கக் கூடாது, திரைக்கம்பி மாட்டக் கூடாது, கண்ணாடியில் சாயம் பூசக் கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. வீட்டுக்காரம்மா கோகிலவாணியிடம் முறையிட்டபோது, "முப்பத்தோராவது மாடில யாருங்க வந்து எட்டிப் பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார். பொட்டலம் சுமக்கும் பறப்பிகள் ஜன்னலுக்கு ஜன்னல் மிதந்துகொண்டிருக்கும் ஊரில் இருந்துகொண்டுதான் அப்படிச் சிரித்தார்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கென்றே வந்தது பார்த்தாற்சிணுங்கி. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, பழைய அடையாள அட்டையால் குமிழிகளைத் தள்ளிவிட்டால் போதும். பிய்த்தால் தடம் இருக்காது, மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம். தாளுக்குள் ஓடும் இழைகள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை வெளியே வீசிக்கொண்டே இருக்கும். எந்தக் கண் ஜன்னலை நேராகப் பார்த்தாலும் அந்த ஒளி கண்ணின் பின்சுவரில் பட்டு, வந்த வழியே திரும்பும். பூனையின் கண் மினுங்குவது இப்படித்தான். ஒளி திரும்பிய கணமே தாள் பால் போல வெளுத்துவிடும். பார்வை விலகியதும் தெளியும். பார்த்தது கேமராவா, கண்ணா, எங்கிருந்து என்ற குறிப்பும் உள்பக்க மூலையில் வரும். மற்ற நேரமெல்லாம் குளிப்பவருக்கு வானம் முழுதும் சொந்தம்.

சந்தேகம் தீராமல் சுபிக்ஷா ஒருநாள் கீழே இறங்கி, தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய ஜன்னல் வெள்ளையாக இருந்தது. பக்கத்து ஜன்னலும் அப்படியே. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை. பார்த்துப் பயனில்லை என்று ஆனதும் ஊர் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தது. அவ்வளவு பேர் நடந்த அந்தத் தெருவில் அண்ணாந்து நின்றவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கணவனைப் பிரிந்து திருப்பூரிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தபடியே இயந்திரங்களின் தமிழ் உச்சரிப்பைத் திருத்தும் வேலை. நாள் முழுக்கப் பேச்சுச் சத்தம் கேட்கும், பேசுகிற ஆள்தான் கிடையாது. ஆள் பார்த்துவிடக் கூடாதே என்று தாள் ஒட்டியவள், நாற்பது நாளாக யாரும் பார்க்கவில்லை என்று அதே தாள் சொன்னதும் நொந்துபோனாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை ஆறு ஐம்பதுக்கு, தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வெளுத்தது.

குவளை கைநழுவியது. துண்டை வாரிச் சுற்றிக்கொண்டு மூலையில் குந்தினாள். பதினொரு நொடி. பிறகு தெளிந்தது. மூலையில் குறிப்பு வந்திருந்தது: 'ஒரு ஜோடி மனிதக் கண். எதிர்க் கட்டடம்.'

அன்று முழுக்கக் கோபம். புகார் எழுதக்கூட உட்கார்ந்தாள். ஆனால் என்னவென்று எழுதுவது? பார்த்தவர் வெறும் வெள்ளையைத்தானே பார்த்திருக்கிறார்! மறுநாளும் அதே ஆறு ஐம்பது. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழிந்ததும் ஆறரைக்கே குளித்து முடித்து, காபி டம்ளரோடு குளியலறை முக்காலியில் உட்கார ஆரம்பித்தாள். ஜன்னல் வெளுக்கும், பதினொன்று எண்ணுவாள், தெளியும். அதன்பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும். இடையில் ஒருநாள் வெளுக்கவேயில்லை. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வெளுத்தபோது அழுதுவிட்டாள்.

ஒருவர் பார்க்கிறார். ஆனால் பார்க்கிற அந்த நேரத்தில்தான் அவள் அவருக்குத் தெரியாமல் போகிறாள். அதை நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை தாளைப் பிய்த்துச் சுருட்டி வைத்தாள். இஸ்திரி போட்ட நீலச் சுடிதார் அணிந்து, தலை வாரி, ஆறு ஐம்பதுக்கு வெறும் கண்ணாடியின் முன் நின்று கையாட்டினாள். எதிர்க் கட்டடம் தூரம். கிழக்கு வெயில் வேறு கண்ணில் அடித்தது. அங்கே யாராவது பார்த்தார்களா என்று தெரியவில்லை. சொல்வதற்குத் தாளும் இல்லை.

புதன்கிழமை கோகிலவாணி கூப்பிட்டார்.

"ஏனுங்க சுபிக்ஷா, பாத்ரூம் ஜன்னல்ல ஒட்டுன தாள் கழண்டுபோச்சாமா?"

"யாருங்க சொன்னது?"

"எதுத்த பில்டிங்ல உங்களுக்கு நேரா இருக்கற சஞ்சீவ்னு ஒருத்தருங்க. அறுவது வயசிருக்கும், தனியாளு. நம்பர் விசாரிச்சு எனக்குக் கூப்பிட்டு, அந்தம்மாகிட்டப் பதனமாச் சொல்லிருங்கன்னாரு. பல்லு வெளக்கறப்ப எதுக்கால இருக்கறதப் பாக்கறது வழக்கமாமா. அன்னிக்குக் கண்ணாடி வெறுசா இருக்கவும் சட்டுனு தலையக் குனிஞ்சுக்கிட்டாராமா."

"கையாட்டினதப் பாக்கலையாமா?"

"கையாட்டுனீங்களா? எதுக்குங்க?"

சுபிக்ஷா பேச்சை மாற்றி, "வேற என்னங்க சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணுமே பாக்கலைன்னு சத்தியம் பண்றாருங்க. இனி தப்பித்தவறிக்கூடப் பாத்தரக் கூடாதுன்னு பல்லு வெளக்கற எடத்தையே மாத்திட்டாராமா. அப்படியே தன்னோட ஜன்னலுக்கும் ஒரு தாள் வாங்கி ஒட்டிட்டாராம். தங்கமான மனுசனுங்க."

அந்தத் தங்கமான மனிதரை அவள் வாய்விட்டுத் திட்டினாள். பிறகு சோப்புத் தண்ணீர் கலக்கி, தாளை மறுபடி ஒட்டினாள்.

மறுநாள் ஆறு ஐம்பதுக்கு அவளுடைய ஜன்னல் தெளிந்தே இருந்தது. பிடிவாதமாக அவளே எதிர் ஜன்னலைப் பார்த்தாள். அது வெள்ளையாக இருந்தது. பார்த்தால் வெள்ளையாகத்தானே இருக்கும்! உள்ளே அவர் இருந்தால், அவருக்கும் அந்த ஜன்னல் இப்போது வெளுத்துத் தெரியும். மூலையில் 'ஒரு ஜோடி மனிதக் கண்' என்று வந்திருக்கும். பதினொன்று எண்ணிவிட்டுத் திரும்பினாள். வெள்ளிக்கிழமையும் எண்ணினாள். சனிக்கிழமையும்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்ணும்போது அவளுடைய ஜன்னல் வெளுத்தது. உடனே தெளிந்தது. மறுபடி வெளுத்தது, தெளிந்தது. விட்டுவிட்டுத் துடித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் பார்த்தால் அவர் தாள் வெளுக்கிறது. அவர் பார்த்தால் அவள் தாள் வெளுக்கிறது. வெளுத்த தாளைத் தாண்டி உள்ளிருப்பவர் பார்வை போகாது, அதனால் எதிர்த் தாள் தெளிகிறது. தெளிந்ததும் பார்வை பாய்கிறது, மறுபடி வெளுக்கிறது. அப்படியென்றால் அவரும் இந்த நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவள் ஜன்னல் மறுபடி வெள்ளையாகிவிட்டதால் கூச்சமில்லாமல் பார்க்கிறார். துடிப்புக்கு நடுவே கண்ணிமைக்கும் நேரம் ஓர் உருவமும் உயர்ந்த கையும் தெரிந்தன. கையாட்டினாரா, பல் துலக்கினாரா, சொல்ல முடியாது. சுபிக்ஷா இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். ஏழு மாதத்தில் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தாள்.

மூன்று நாள் அப்படி நடந்தது. நான்காம் நாள் ஆறு ஐம்பதுக்கு ஜன்னல் வெளுத்தது. பதினொன்று எண்ணினாள், அறுபது எண்ணினாள். துடிக்கவும் இல்லை, தெளியவும் இல்லை. ஒன்பது மணிக்கு யுகேஷ் கூப்பிட்டார்.

"மேடம், உங்க தாள்ல மூணு நாளா துடிப்புக் கோளாறு வந்திருக்குங்க. எதிர் பில்டிங் தாள்லயும் அதே கோளாறு. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே இங்கிருந்தே சரி பண்ணிட்டோம்."

"என்ன பண்ணீங்க?"

"ரெண்டு தாள் நேருக்கு நேர் இருந்தா ரெண்டையும் எப்பவும் வெள்ளையாவே வெச்சிருவோங்க. மூலைல வர்ற குறிப்பையும் எடுத்தாச்சு."

வெள்ளைச் சுவராக நின்ற ஜன்னலை அவள் பார்த்தாள். பிய்த்து எறிந்துவிடலாம்தான். பிய்த்தால் அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

"அந்தப் பக்கம் யாராவது பாத்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"தெரியவே தெரியாதுங்க மேடம்," என்றார் யுகேஷ், நல்ல சேதி சொல்கிற குரலில். "இனி நிம்மதியாக் குளிக்கலாம்."