மூன்று நிமிசம் நில்லுங்கோ

கதவுக் கண்ணாடி வியர்த்திருந்தது.

முதலில் கோகுலன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சித்திரை வெயில், ஞாயிறு மத்தியானம், ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம்; எங்கேயாவது ஈரம் கசியத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டே முன்கதவைத் திறந்து, திறப்பை மேசையில் போட்டு, சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்து வியர்வையைத் துடைத்தான். பருத்தித்துறை வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு புத்தூர்ப் பக்கம் போனது. அது போன பிறகுதான் அவன் திரும்பிச் சரியாகப் பார்த்தான். வியர்த்திருந்தது யன்னல் கண்ணாடி இல்லை. குளிர் அறையின் கதவில், முகம் உயரத்தில் பதித்த வட்டக் கண்ணாடி. அதுவும் உட்பக்கமாக. வெண்பனி பூத்து, அதன் நடுவில் ஒரே ஒரு துளி கீழே வழிந்துகொண்டிருந்தது.

அந்த அறைக்குக் கரண்ட் போகாமல் இன்றைக்கு முப்பத்தொரு நாள்.

அவன் சுவரிலிருந்த மெயின் சுவிச்சைப் போய்ப் பார்த்தான். இறக்கியபடியே இருந்தது. விசாரணை முடியும்வரை இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டிய தாளும் அப்படியே இருந்தது. கோகுலன் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அது அவனுக்கு ஒரு மாதமாகச் சோற்றிலும் தெரிந்தது, தூக்கத்திலும் தெரிந்தது. 'விசர்க்கதை' என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிவிட்டு மேசை லாச்சியை இழுத்தான். வந்த வேலை அதுதான். லாச்சிக்குள் ஒரு படிவம். நாளைக்குக் காலை மரண விசாரணைக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவன் தப்பினான். கொடுக்காவிட்டால் மறியல்தான், கம்பி எண்ண வேண்டியதுதான்.

சுவிஸில் பதினொரு வருடம் இதே தொழில் பழகியவன் அவன். மைனஸ் நூற்றுப்பத்துக் குளிரில் மனிதரை மூன்று நிமிடம் நிறுத்தி, மூட்டு நோவைக் குறைக்கிற தொழில். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெரியாமல் செய்தவனைக்கூட மன்னிக்கலாம். இவனுக்கு எல்லாம் தெரியும்.

பத்மாவதி, புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்கிற வீட்டுக்காரி, அறுபத்தெட்டு வயது, முழங்கால் நோவென்று வந்தாள். படிவம் இங்கிலிசில் இருந்தது. மூக்குக்கண்ணாடியில் உலோகம் என்று முதலே கழற்ற வைத்தாயிற்று. அதனால் கோகுலன் கேள்வியை வாசித்தான், அவள் வாயால் பதில் சொன்னாள், அவன் எழுதினான். "பிறசர் இருக்குத் தம்பி. இரண்டு வருசத்துக்கு முதல் நெஞ்சுக்குள்ளை அடைப்புக்குக் கம்பியும் வைச்சது" என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவன் 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டான். கடை திறந்து இரண்டாம் கிழமை; ஒரு ஊர்க் கிழவி குளிருக்குள் போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வருகிற வீடியோ அவனுக்கு வேண்டியிருந்தது. மூன்று நிமிசம்தானே, என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தான். அவள் அவன் காட்டிய இடத்தில், உருண்டை உருண்டையான தமிழ் எழுத்தில் ஒப்பம் வைத்தாள்.

அவள் அந்தக் குளிர் அறைக்குள்ளேயே செத்த பிறகு அவன் பொலிசிடம் சொன்னது ஒரே ஒரு வசனம். "அவ வருத்தத்தை ஒளிச்சுப் போட்டா."

படிவத்தை எடுத்தான். கை சட்டென்று பின்வாங்கியது. தாள் குளிர்ந்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்ததுபோல் விறைத்து, ஓரத்தில் தொட்டால் முறியும் போல இருந்தது. பிடித்த விரல்களில் ஒரு மணம் ஒட்டியது. அவன் மோந்து பார்த்தான். அரப்பு. தலை முழுகுகிற அரப்பு.

கைபேசி அடித்தது. துள்ளிப் போனான். பெர்னடெட், அவனிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்த பெண். நாளைக்கு அவளும் சாட்சி சொல்ல வேண்டும்.

"அண்ணை, நான் நாளைக்குப் பொய் சொல்லமாட்டன்" என்றாள் எடுத்த எடுப்பிலே. "அந்த அம்மா சொன்னதை நானும் கேட்டனான்."

"உனக்கென்ன பைத்தியமே, பெர்னடெட்? எல்லாம் கதைச்சு முடிச்சதுதானே."

"உங்களுக்கென்ன தெரியும்? ஒவ்வொரு நாளும் பகல் பன்னிரண்டு மணிக்கு, அந்த அம்மா உள்ளை போன நேரத்துக்கு, எனக்குக் கோல் வருது. கடை நம்பரிலயிருந்து. எடுத்தால் ஒருத்தரும் கதைக்கினமில்லை. குளிரிலை பல்லுக் கிட்டுற சத்தம் மட்டும்தான். கிடுகிடுவெண்டு." அவள் அழுதாள். "அண்ணை, கடை லைன் வெட்டிக் கிடக்குதெல்லே?"

அவன் அழைப்பைத் துண்டித்து, கைபேசியை மேசையில் கவிழ்த்தான். சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

"உள்ளை வரலாமோ, தம்பி?"

வாசலில் ஒரு கிழவர் நின்றார். இடுப்பில் ஈரவேட்டி, தோளில் ஈரச்சால்வை, நெற்றியில் காயாத திருநீறு, மழித்த தலையில் புதிதாக முளைத்த வெள்ளை மயிர். பஞ்சலிங்கம். பத்மாவதியின் புருசன். செத்தவீட்டில் தூரத்தில் நின்று பார்த்ததுக்குப் பிறகு கோகுலன் இப்போதுதான் அவரைப் பார்க்கிறான்.

"வாங்கோ ஐயா" என்றான். வேறென்ன சொல்வது?

"கீரிமலையாலை வாறன். அவளின்ரை அந்தியேட்டிக் கிரியை முடிஞ்சுது." அவர் படியேறி, கதிரையில் மெதுவாக இருந்தார். "மகனுக்குக் கனடாவிலை விசா சரிவரேல்லை. கொள்ளியும் நான்தான், சாம்பல் கரைச்சதும் நான்தான். முப்பத்தொண்டு நாளும் துடக்குத் தம்பி. ஒருதற்ரை வாசலுக்கும் போகக்கூடாது. இண்டைக்குத்தான் கழிஞ்சது. அதுதான் முதல் முதல் உங்கடை வாசலுக்கு வந்தனான்."

குரலில் கோபமே இல்லை. ஏசினால், அடித்தால், தாங்கலாம். இந்த மனுசன் முப்பத்தொரு நாள் முறை தவறாமல் காத்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

"உந்தக் குளிர் அறைக்குள்ளை போறதுக்கு முதல் ஒரு ஆள் என்னென்ன தெரிஞ்சிருக்கோணும்? எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

"அதையேன் ஐயா இப்ப..."

"சொல்லுங்கோ."

கோகுலன் விரலை மடித்து எண்ணத் தொடங்கினான். "உடம்பும் தலைமயிரும் நல்லாக் காஞ்சிருக்கோணும். ஈரம் இருந்தால் குளிர் சுட்டுப்போடும்."

"அண்டைக்கு வெள்ளிக்கிழமை. அரப்பு வைச்சு முழுகினவள். கொண்டைக்குள்ளாலை தண்ணி சொட்டச் சொட்டத்தான் வெளிக்கிட்டவள். பிறகு?"

"உலோகம் ஒண்டும் உடம்பிலை இருக்கக்கூடாது."

"தாலிக்கொடி?"

"அவ கழட்டமாட்டன் எண்டிட்டா. நான் துணி சுத்தி விட்டனான், ஐயா."

"ஓம். குளிப்பாட்டேக்கை கொடியை நான்தான் கழட்டினனான். நெஞ்சிலை கொடி கிடந்த தடம் வெள்ளை வெளேரெண்டு. நெருப்புச் சுட்ட மாதிரி." அவர் தன் நெஞ்சில் விரலால் மெல்லக் கோடு இழுத்துக் காட்டினார். "பிறகு?"

அறைக்குள் எங்கேயோ ஒரு சொட்டு விழுந்தது. டக். தண்ணீர் விழுகிற சத்தமாக இல்லை. கல் விழுகிற சத்தம்.

"பிறசர், நெஞ்சு வருத்தம் இருக்கிற ஆக்கள் போகக்கூடாது."

கிழவர் நிமிர்ந்தார். முதல்முறையாக அவன் கண்ணை நேரே பார்த்தார். "அதுக்குத்தான் வந்தனான். அவள் இனி வரமாட்டாள், அது எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்குள்ளை என்ன கதைக்கினம் தெரியுமோ? 'கிழவி கள்ளம் சொல்லிப் போட்டாள்' எண்டு. சந்தையிலை ஒரு வெங்காயம் குறைச்சு நிறுக்காதவள். அறுபத்தெட்டு வயசிலை அவளைக் கள்ளியாக்கிப் போட்டினம். உங்களோடை எனக்கு வழக்கு வேண்டாம், காசு வேண்டாம். அவள் சொன்னவளோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் எழும்பிப் போறன்."

ஒரு சொல். அந்த ஒரு சொல் அவன் நாக்கின் நுனிவரை வந்தது, உண்மையாக வந்தது. நாளைக் காலை நினைவுக்கு வந்தது, மறியல் நினைவுக்கு வந்தது, சொல் திரும்ப உள்ளே போய்விட்டது.

"சொல்லேல்லை, ஐயா."

டக்.

கிழவர் தலையை ஆட்டினார். "பிறகு?"

"கதவு பூட்டாது. உள்ளுக்கு நிக்கிற ஆள் ஒரு விரலாலை தள்ளினாலே திறக்கும்."

"அப்ப ஏன் அவள் தள்ளேல்லை?"

"நான் சொல்லும்வரைக்கும் நில்லுங்கோ எண்டு சொன்னனான்."

"நில் எண்டால் நிப்பாள்" என்றார் பஞ்சலிங்கம். "வெள்ளைக்கோட்டுப் போட்ட ஆக்கள் சொன்னால் தட்டமாட்டாள். எவ்வளவு நேரம் நிண்டவள்?"

மூன்று நிமிடம். பிறகு நான்கு, ஐந்து, ஏழு. அவன் வாசலில் நின்று கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நேரலையில் ஆட்கள் கேட்டார்கள், அவன் பதில் சொன்னான்.

"மூண்டு நிமிசம்" என்றான்.

"கடைசியா என்ன சொன்னவள்?"

"'போயிட்டு வாறன் தம்பி' எண்டு சொல்லிப்போட்டுத்தான் உள்ளை போனவ."

கிழவர் அதைக் கேட்டு ஏனோ ஆறுதல்பட்டவர்போல எழுந்தார். "அவள் நிண்ட இடத்தை ஒருக்காக் காட்டுங்கோ. எந்த இடம், எப்பிடி நிண்டவள். பாத்திட்டுப் போறன்."

போய்த் தொலையட்டும் என்றுதான் கோகுலன் குளிர் அறைக் கதவை இழுத்தான். கரண்ட் இல்லாத அறை. வெறும் அலுமாரி. உள்ளே ஒரு எட்டு வைத்தான், இரண்டு எட்டு வைத்தான், திரும்பி, கையை உடம்போடு ஒட்டி நின்று காட்டினான். "இப்பிடித்தான், ஐயா."

பஞ்சலிங்கம் கதவைத் தொடவில்லை. கோகுலன் அதைக் கண்ணால் கண்டான். கிழவரின் இரண்டு கையும் சால்வைக்குள் இருந்தன. கதவு தானாக வந்தது, அவசரமே இல்லாமல் வந்தது, ரப்பர் ஓரம் பொருந்துகிற மெல்லிய சத்தத்தோடு மூடியது.

இருட்டு. வட்டக் கண்ணாடியில் மட்டும் மத்தியான வெளிச்சம். அரப்பு மணம், ஈரமயிர் மணம், மூக்கை அடைத்தது. பிறகு குளிர் வந்தது. மேலிருந்து இல்லை. பின்னாலிருந்து. முதுகில் யாரோ மூச்சு விடுவதுபோல, ஒரே இடத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே. பத்மாவதி கட்டை ஆள். அவள் வாய் அந்த உயரத்துக்குத்தான் வரும்.

கதவின் மேல் சிவப்பு இலக்கங்கள் எரிந்தன. மூன்று. சைபர். சைபர்.

கரண்ட் இல்லை. அவை எரிந்தன.

கிடுகிடு. கிடுகிடு. பல்லுக் கிட்டுகிற சத்தம். தன் பல்தான் என்று நினைத்து வாயை இறுக மூடினான். சத்தம் நிற்கவில்லை.

"பிறசர் இருக்கோ, தம்பி?"

முதுகுக்குப் பின்னால். விறைத்த வாயால் கேட்கிற குரல். அவன் அவளிடம் வாசித்த கேள்வி, அதே ஒழுங்கில்.

"நெஞ்சு வருத்தம் இருக்கோ?"

"சொன்னவா!" கோகுலன் கத்தினான். "ஐயா! அவ சொன்னவா! நான்தான் இல்லை எண்டு போட்டனான்! ஐயா, கேக்குதோ?"

வெளியே கிழவர் காதில் கையைக் குவித்துவைத்துப் பார்த்தார். கேட்கவில்லை. தடித்த கதவு. உள்ளே இருப்பவரோடு கதைக்கிற ஒலிபெருக்கிக்கும் கரண்ட் வேண்டும். அவர் தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு, மேசையிலிருந்த படிவத்தை எடுத்து, மடியிலிருந்து பத்மாவதியின் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய ஒப்பத்தை விரலால் தடவினார்.

ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். கோகுலன் பத்து விரலாலும் தள்ளினான்.

திறக்கவில்லை.

கையைப் பார்த்தான். அவன் கைகளுக்கு மேல் இன்னும் இரண்டு கைகள். சுருங்கிய, வெங்காயம் பிடுங்கிக் காய்த்த கைகள். நகம்வரை வெள்ளை. அவன் விரல்களுக்கு இடையில் விரல் கோத்து, கதவோடு சேர்த்து அழுத்தியபடி. தோல் தகரத்தில் ஒட்டியது. இழுத்தான். தோல் வந்தது. கை வரவில்லை.

நெஞ்சில் சுட்டது. சேட்டுக்கு மேலாக, கழுத்திலிருந்து வளைந்து, கொடி கிடக்கிற தடத்தில்.

மூன்று. சைபர். சைபர். இலக்கம் குறையவே இல்லை.

பஞ்சலிங்கம் வட்டக் கண்ணாடிக்கு அருகே வந்தார். கோகுலன் வாயைத் திறந்தான். கிழவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் கீழே பார்த்தார். அவர் கண் நிறைந்தது.

"வந்திட்டியே, பத்மா?" என்று அவர் உதடு அசைந்தது.

கோகுலனின் கழுத்தோடு ஈரக் கொண்டை ஒட்டியது. அது மெல்ல மெல்ல, மயிர் மயிராக, விறைத்தது.

"நான் சொல்லும்வரைக்கும் நில்லுங்கோ, தம்பி" என்றாள் அவள்.