வேப்பிலை கட்டிய வாசல்

சிங்கப்பூர் தனி நாடாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். சந்திரமதியின் அம்மா தங்கத்தை பஃபலோ ரோட்டில் தெரியாதவர்களே இல்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியதும், தெருவே அவரைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. வம்பு அங்கேதான் வந்தது.

"மருந்து நோயை அடிக்குது. கூடவே எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்தையும் சோர வச்சிடுது. மறுபடி தேறுற வரைக்கும் சின்னச் சளிகூட ஆபத்து. யாரையும் கிட்ட விடாதீங்க" என்று டாக்டர் அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அப்பாவும் நன்றாகத்தான் தலையாட்டினார். ஆனால் யார் முகத்தையும் முறிக்க அவருக்குத் தெரியாதே! முதல் ஆளாக வேலாயுதம் மாமா வந்தார், ஆரஞ்சுப் பையும் இருமலுமாக. நேரே கட்டிலருகே போய் உட்கார்ந்தார். அப்பா காப்பி கலக்கப் போய்விட்டார்.

மாமா போனதும் சந்திரமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா அவரை உள்ள விட்டீங்க? அம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"பார்க்க வந்தவங்கள வாசல்லயே எப்படிம்மா நிறுத்துறது? கோவிச்சுக்குவாங்க லா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் அள்ளும். சந்திரமதி படுத்தபடி யோசித்தாள். போன வருஷம் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது வாசலில் வேப்பிலை தொங்கியது. ஒருவரும் படியேறவில்லை. ஒருவரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

காலையில் முதல் வேலையாக வேப்பங்கொத்தை ஒடித்து வந்து நிலையில் கட்டினாள்.

மாமா மறுபடி வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர். "யாருக்குப் புள்ள அம்மை?"

"அம்மை இல்ல மாமா. ஆனா அதே மாதிரி யாரும் உள்ள வரக்கூடாது. உங்க இருமல் ஒட்டிக்கிட்டா, எதிர்த்து நிக்க அம்மா ரத்தத்துல தெம்பு இல்ல."

மாமா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "நேத்தே சொல்லியிருக்கலாமே, தாயி."

அப்புறம் அவரே தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். "இங்கேருந்தே கூப்பிட்டு விசாரிங்க, போதும்" என்றார். அம்மா மாடி ஜன்னலில் நின்று சிரித்தார்.

அடுத்த வாரம் சந்திரமதியே தும்மினாள். மறுபேச்சு இல்லாமல் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஹலீமா அக்காவிடம் போய்விட்டாள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே!

நல்லவேளை, அம்மாவுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ரத்தப் பரிசோதனை பார்த்து, "இனி வெளியே போகலாம்" என்றார் டாக்டர். அன்று மாலையே அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு, சந்திரமதியின் கையைப் பிடித்தபடி வீடு வீடாகக் கிளம்பினார். மாமா வீட்டு வாசலில் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீங்கல்லாம் என்னைப் பார்க்க வராம இருந்தீங்களே அண்ணே, அதை நான் மறக்கவே மாட்டேன்."

மாமா மூக்கை உறிஞ்சினார். "சளி இல்லம்மா, இது வேற" என்று அவசரமாகச் சொன்னார். "உள்ள வா தங்கம். எங்க வாசல்ல வேப்பிலை இல்ல."