பின்கழுத்து முடிச்சு

இங்கிலாந்தில் எங்கள் ஊர்ப் பக்கம் மெர்சி ஆற்றில் மீன் செத்து வருடக்கணக்காகிறது. ஆலைப் புகையில் மரம்கூட நிற்பதில்லை. அன்று காலை ஏழரைக்கும் இருட்டாகத்தான் இருந்தது. தாமதமாகிவிட்டதென்று பிளீச்சிங் பவுடர் கொட்டகைக்கு ஓடினேன்.

உள்ளறையில் தூள் அள்ளுகிறவன் முப்பது மடிப்புக் கம்பளித் துணியை வாயில் வைத்து நாடாவால் கட்டிக்கொள்வான். இல்லையென்றால் குளோரின் நெஞ்சை வேகவைத்துவிடும். இறுக்கமாகத் தானே கட்டிக்கொள்ள முடியாது. கூட்டாளிதான் பின்னால் நின்று கட்டுவான்.

ஒன்பது நாளைக்கு முன்பு காஸிஸுக்கு என் கூட்டாளி ஜேபஸ் கட்டினான். காஸிஸ், லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த நாற்பது வயது மனிதன். வந்தேறிகளால் கூலி குறைகிறதென்று எங்களுக்கெல்லாம் கடுப்பு. அவிழ்க்கவே முடியாதபடி மூன்று முடிச்சுப் போட்டான் ஜேபஸ். பார்த்து நான் சிரித்தேன். உள்ளே காஸிஸ் துணிக்குள்ளேயே வாந்தியெடுத்து மூச்சடைத்துச் செத்தான். அவன் விரல்கள் பின்கழுத்தைப் பிறாண்டியபடி விறைத்திருந்தன. வாயு தாக்கியது என்று எழுதிக்கொண்டார்கள். நாங்கள் மூச்சுவிடவில்லை. பாவிகள்.

கதவைத் தள்ளினேன். எதிரே பெஞ்சில் ஜேபஸ், துணியை வாயில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"மெதுவாடா ஈனாக், கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

ஈனாக் நான்தான். நான் இன்னும் வாசலில் நின்றிருந்தேன்.

அவன் பின்னால் யாருமில்லை. நாடாவின் நுனிகள் மட்டும் தாமாக ஏறி இறங்கின. புளித்த வாந்தி நாற்றம் குப்பென்று அடித்தது.

ஒரு முடிச்சு விழுந்தது.

"போதும்டா, வலிக்குது!"

இரண்டாவது.

"ஜேபஸ்... நான் இங்க இருக்கேன்டா," என்றேன்.

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

மூன்றாவது.

பாய்ந்தேன். சட்டைப்பையிலிருந்த கத்தியால் நாடாவை அறுத்தேன். துணி அவன் மடியில் விழுந்தது.

"அவ்வளவுதான்டா, போயிடுச்சு. மூச்சு விடு. டேய், விடுடா!"

வாய் திறந்தேதான் இருந்தது. காற்றுதான் உள்ளே போகவில்லை. துணி இல்லாத கன்னங்கள் இன்னும் அழுந்திக்கொண்டே போயின. பின்கழுத்தைப் பார்த்தேன். வெறும் சதை குழிந்து, நான்காவது முடிச்சுக்கு இறுகிக்கொண்டிருந்தது.

கத்தியும் கையுமாக நின்றேன். அறுக்க அங்கே ஒன்றுமே இல்லை.