சரிவு மண்

கற்பூரவள்ளி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

பிரியந்திக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. செடி வளர்த்துப் பழக்கமில்லாதவள் கையில் செடிக்கும் கிறுக்குப் பிடிக்கும் போல. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வளரும் என்று போனில் பார்த்த வீடியோவில் அடித்துச் சொன்னார்கள். இங்கே கற்பூரவள்ளி, புதினா, கொத்தமல்லி, எல்லாம் தயிர்ச் சட்டிகளிலிருந்து புகை படிந்த பின்சுவரைப் பார்த்தே சாய்ந்து கிடந்தன. திருப்பி வைத்தாள். சாயங்காலத்துக்குள் மறுபடி சுவரைப் பார்த்திருந்தன.

எல்லாம் மகள் சுலக்ஷனாவுக்காகத்தான். மூன்று வயதுப் பிள்ளை, குளிர் தொடங்கினால் நெஞ்சில் சளி கட்டி மூச்சு விசிலடிக்கும். தகப்பன் ஜீவராஜ் கொழும்பில் கடையில் நிற்கிறான். இவள் ஒருத்தியாய்ப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பயந்து கிடப்பாள். வெளியில் நட்டால் பன்றி கிளறிவிடும் என்றுதான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே சட்டி வைத்தாள். தேயிலை மலை மண்ணெல்லாம் களைக்கு மருந்தடித்த மண். பிள்ளை வாய்க்குப் போகிற இலையை அதில் வளர்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? லயத்துக்குப் பின்னால் சரிவு இருந்தது. இவள் நோர்வூட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே மலை சரிந்து இறங்கிப் பழைய லயத்தை மூடிய இடம். யாரும் மருந்தடிக்காத மண், கறுப்பாய், பொலபொலவென்று. உரப்பை நிறைய அள்ளி வந்தாள்.

கற்பூரவள்ளிச் சாறு பிள்ளைக்குக் கேட்டது. அடேயப்பா, என்னமாய்க் கேட்டது! இருமல் போன இடம் தெரியவில்லை. ஆனால் பிள்ளையின் மூச்சில் நனைந்த மண் வாடை அடித்தது. விளையாடும்போதும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நாலு மணிக்கே பனி மூடி இருட்டியது. கரண்டும் இல்லை. பக்கத்துக் காம்பரா இராசம்மா நெருப்புப்பெட்டி கேட்டு வந்தவள், சட்டிகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏ புள்ள, இது எங்க அள்ளுன மண்ணு?"

"பின்னாடி சரிவுலக்கா."

"அடி பாவி! அங்க யாரும் மம்பட்டி போடுறதில்லடி. பழைய லயம் மூடுனப்ப மத்தவங்கள எல்லாம் தோண்டி எடுத்துட்டாங்க. ரெண்டு புள்ளைங்க மட்டும் கெடைக்கல. அந்த மண்ணையே குழியா நெனச்சு வெளக்கு வச்சுட்டு வந்தோம். ஒனக்கு யாரும் சொல்லலியா? கொண்டுபோய்க் கொட்டிரு. இப்பவே."

பிரியந்தி பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். மண்ணைக் கொட்டிவிடலாம். பிள்ளை குடித்த சாற்றை?

சட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு பனிக்குள் ஓடினாள். சரிவின் ஓரத்தில் கவிழ்த்தாள். திரும்பி ஓடிவந்தாள்.

வாசலில் இராசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே கை காட்டினாள்.

சுலக்ஷனா பின்சுவர் ஓரம் நின்றிருந்தாள். உடம்பு முழுக்க சுவரை நோக்கிச் சாய்ந்து. கீழே விழாமல்.

"வாடி தங்கம். அம்மாகிட்ட வா."

திரும்பவில்லை.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். கால் விரல்களிலிருந்து வெள்ளை வெள்ளையாய் நூல். சிமெண்டு வெடிப்புக்குள் இறங்கியிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

ஒரு வேர் அறுந்தது.

பிள்ளை வாயே திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்கு அடியில், இரண்டு குழந்தைகள் வலி தாங்காமல் அலறின.