வரிசையில் நிற்காத வீட்டூர்தி

சொந்த வண்டியில் தூத்துக்குடி போய்வர ஆறு மாதம் சாலைவரிசையில் காத்துக்கிடக்கிற காலத்தில், பேச்சியப்பன் குடும்பம் மட்டும் நினைத்த நாளில் கிளம்பியது. அவர் வாங்கியிருந்தது பழைய இறுதியூர்தி. அதற்கு உலகமே வழிவிடும்.

ஓட்டுநர் இல்லாத ஊர்தி அது. கூரையில் மணமுகரி என்றொரு கருவி. வெயிலில் தெருவில் விழுகிறவர்களைத் தேடியெடுக்கப் பொருத்தியது. பிணவாடை பட்டால் போதும், ஊர்தி அங்கே பறக்கும். யார் சொன்னாலும் நிற்காது. ஏற்றியபின் மரியாதையாக நடைவேகத்தில் போகும். சாகப்போகிற உடம்பின் வாசம் ஒரு நாள் முன்பே மாறுமாம். அதையும் மோந்து, உயிர் போகுமுன்பே சில வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறது. ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார்.

பேச்சியப்பன் உள்ளே மூன்று படுக்கை போட்டார், அடுப்பு வைத்தார், வெளியே மஞ்சள் வண்ணம் அடித்தார். பிணத்துக்கான குளிர்பெட்டியில் தோசைமாவு புளிக்காமல் இருந்தது.

"அந்த மூக்கைக் கழட்டிருங்களேன்" என்றாள் மனைவி வடிவு.

"கழட்டினா சாதா வண்டிதாண்டீ. வரிசையில யாரு நிக்க?"

தூத்துக்குடியில் கடல் பார்த்தார்கள். ஒரு பை நிறைய வாளைக் கருவாடு வாங்கினார்கள். திரும்பும் வழியில், ஆளில்லாத உப்பளச் சாலையில், உச்சிவெயிலில், ஊர்தி நடைவேகத்துக்கு வந்தது.

சாகப்போகிறவர் உள்ளே இருக்கிறார் என்று பொருள். மூன்று பேர்தான் உள்ளே. வடிவு மெல்லக் கையை நீட்டி மகள் நிறைமதியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. வெயில் ஏறக் கருவாடுதான் கொமட்டுது. அதை முதல்ல வெளிய போடுங்கப்பா."

பேச்சியப்பன் எழுந்தார். "நான் இறங்கிப் பாக்கேன். வேகம் எடுக்கலன்னா ஏறிக்கிடுதேன்."

"எடுத்தா?"

"எடுத்தா அது நான்தான். பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு நிம்மதியா இரு."

இந்த வெயிலில் வெளியே வெகுநேரம் நடந்து நிழல் சேர்ந்தவர் கிடையாது. அது வடிவுக்கும் தெரியும். அவள் தடுக்கவில்லை. மகளின் கழுத்திலிருந்து கையை எடுக்கவுமில்லை.

மகள் கேட்டாளே என்று கருவாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

கதவு மூடிக்கொண்டது. ஊர்தி பறந்தது.

பின்கண்ணாடி வழியே அவர் சிரிப்பது தெரிந்தது. பிள்ளை தப்பித்துவிட்டாள். வடிவு பெருமூச்சு விட்டாள். விட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நிறுத்துபொத்தானைக் குத்தினாள். எடுக்கப்போகிற ஊர்தி நிற்காது. உப்பள வரப்பில் வண்டி திரும்ப இடமும் கிடையாது. அது சாலைவிதியை மதிக்கிற ஊர்தி; வெகுதூரம் போய், திரும்பும் இடத்தில் முறையாகத் திரும்பி, வந்த வழியே விரைந்தது.

"அப்பாவைத்தாம்மா எடுக்க வருது" என்றாள் நிறைமதி.

பேச்சியப்பன் பையைப் போட்டுவிட்டு ஊர்தி போன திசையில் நடந்து வந்திருந்தார். சாலையோரத்தில் தள்ளாடியபடி இரண்டு கையையும் நீட்டினார். ஊர்தி சற்று விலகி, அவரை இடிக்காமல், தாண்டிப் போனது.

ஒரு கூப்பிடு தூரம் தள்ளி, கருவாட்டுப் பையின் அருகே நின்றது. பின்கதவு மெதுவாகத் திறந்தது. பையைப் பெற்றுக்கொள்ளப் பிணத்தட்டு வெளியே நீண்டது.

வடிவு தண்ணீர்ச் செம்போடு குதித்து ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் விழுந்து கிடந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். உதடு அசையவில்லை.

தாயும் மகளும் இழுத்துவந்து தட்டில் கிடத்தினார்கள். ஊர்தி கதவை மூடிக்கொண்டு மறுபடி நடைவேகத்தில் கிளம்பியது. இந்தமுறை அது சரியாகத்தான் மோந்திருந்தது.

திருநெல்வேலியில் வீடு வரை அத்தனை வண்டிகளும் ஒதுங்கின. ஆறு மாதமாக வரிசையில் கிடந்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து கும்பிட்டார்கள். ஓரிடத்திலும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.